அஞ்சலையின் மிளகாயும் குன்றின் கருப்புக் கூம்பும்

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி, பலத்த காற்று வரப்போகிறது, வெளியில் நிற்காதீர்கள் என்று கூவியது. அது கூவி முடிப்பதற்குள் அவருடைய துணி காயப்போடும் கம்பி எங்கள் வேலிக்குள் வந்து விழுந்துவிட்டது. மழை விட்டதும் அவருடைய சட்டைகளை நான்தான் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க காலத்துல இதெல்லாம் யாரு சார் சொல்லுவா?" என்று கேட்டார். நான்தான் சொல்வேன் என்றேன். கிழவனுக்கு வயசாகிவிட்டது என்பதுபோலச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். பென்ஷன்காரர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளரும் ஒரு வருஷமாக நச்சரிக்கிறார். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நம்பாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

சித்திரை பிறந்தால் மலாக்காவின் குணம் மாறிவிடும். காலையில் ஓர் இலைகூட அசையாது. முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். திடீரென்று நீரிணைக்கு மேலே மேற்கு வானத்தில் கருப்பாக ஒரு வளைவு எழும். அது சுமத்திராவிலிருந்து புறப்பட்டு வருவதால் அந்தக் காற்றுக்கே நாங்கள் சுமத்திரா என்றுதான் பெயர் வைத்திருந்தோம். அரை மணி நேரம் ஊரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போல் ஓய்ந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்துக்காக ஊர் ஆறு மாதம் தயாராக இருக்கும். தெங்கேராக் கடற்கரையில் மீன்காரர்கள் சம்பான் படகுகளை மணலில் இழுத்துக் கவிழ்த்து வைப்பார்கள். அத்தாப்பு ஓலைக் கூரைக்கு மேல் குறுக்கே கயிறு ஓடும். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் பெரும்பாலும் தகரக் கூரை. அதன்மேல் கல்லும் பழைய டயரும் ஏறும். எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்காரர் அவசரத்துக்கு அம்மிக்குழவியைத் தூக்கிக் கூரையில் வைத்தார். பிறகு இறக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டார். அந்த வீட்டில் சித்திரையிலிருந்து ஐப்பசி வரை துவையல் கிடையாது.

இந்தக் காற்று வருகிறது என்று ஊருக்குச் சொல்வது என் உத்தியோகம். சுதந்திரத்துக்கு மூன்று வருஷம் முன்பு, ஆற்று வாய்க்கு மேலே இருக்கும் குன்றில், கொடிமரத்துச் சிக்னல்காரனாகச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் இரண்டு மாதம் கயிற்றில் முடிச்சுப் போடவும், ஒரு மாதம் போட்ட முடிச்சை அவிழ்க்கவும் கற்றுக்கொண்டேன். என் பொறுப்பில் இருந்தவை நான்கு: ஒரு கொடிமரம், சுவரில் மாட்டிய காற்றழுத்தமானி, மூன்று கால்மேல் நிற்கும் பித்தளைத் தூரக்கண்ணாடி, பிரம்பால் கட்டிக் கருப்புக் கித்தான் போர்த்திய ஒரு கூம்பு. கூம்பு என் உயரம் இருக்கும். அது கொடிமரத்தில் ஏறினால் படகு கடலுக்குப் போகக் கூடாது. போன படகு அருகில் உள்ள கரையில் ஏறிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் அதைக் கருப்புக் கூடை என்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், திரு. நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை, வட்டக் கண்ணாடி. குன்றின் அடிவாரத்தில் அவர் அறை. மேலே வரும்போது படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவார். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் கோபம் வரும். பித்தளைத் தூரக்கண்ணாடியை நான் காலையும் மாலையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. "என்ரை முகம் அதிலை தெரிய வேணும் காணும்" என்பார். தெரிந்தால், கொஞ்ச நேரம் நின்று பார்த்து மீசையையும் ஒதுக்கிக்கொள்வார். அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பார்க்க விருப்பமில்லாத எதையாவது பார்க்க நேர்ந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பியூன் தாமதமாக வரும் நாட்களில் அவர் கண்ணாடி பளபளவென்று இருக்கும்.

கூம்பு ஏற்றுவதற்கு அவர் வைத்திருந்த விதி இது. மூன்று அடையாளங்கள்: மேற்கே கருப்பு வளைவு, காற்றழுத்தமானியின் முள் நகர்தல், வடக்கே இருக்கும் கலங்கரை விளக்கத்திலிருந்து தொலைபேசிச் செய்தி. மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அவர் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் கயிற்றைத் தொடலாம். இந்த விதி வந்ததற்குக் காரணமும் நான்தான். சேர்ந்த முதல் வருஷம் ஒரு மேகத்தைப் பார்த்துப் பதறிக் கூம்பை ஏற்றிவிட்டேன். மேகம் மெதுவாகத் தெற்கே போய்விட்டது. அன்று கடலுக்குப் போகாத மீன்காரர்கள் மாலையில் படியேறி வந்து, இன்று எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று என்னைக் கேட்டார்கள். நவரத்தினம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு முறை பொய்க் கூம்பு ஏறினா, நீர் வீட்டிலை இருந்து முடிச்சுப் போடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் கூம்பு ஒருமுறைகூடத் தவறவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமே வந்தது. அது எப்படி என்று இதுவரை நான் எந்தச் சக ஊழியரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் பென்ஷனை நிறுத்த மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாம் என் மனைவி அஞ்சலையின் மிளகாய்.

சித்திரை வெயிலில் அவள் மோர் மிளகாயும் சிவப்பு மிளகாயும் வடகமும் போடுவாள். சமையற்கட்டின் தாழ்ந்த தகரக் கூரைமேல் பாய் விரித்து, ஏணி வைத்து ஏறிப் பரப்புவாள். காற்று வருவதற்கு முன்பே அவள் மிளகாய் உள்ளே போய்விடும். ஒருநாளும் நனைந்ததில்லை. எங்கள் சந்து முழுவதும் அதைப் பார்த்துத்தான் துணி எடுத்தது. எதிர்வீட்டு மீனாட்சி அம்மாள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிய சிட்டிக் குடும்பத்துக்காரர். பெயரும் கும்பிடும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். அவர் தினமும் சன்னலைத் திறந்து, "அஞ்சலை, சாபே சூடா அங்காட்கா?" என்று கேட்பார். மிளகாயை எடுத்துவிட்டாயா என்று அர்த்தம். குன்றின்மேல் அரசாங்கச் சம்பளத்தில் ஒருவன் நிற்பது அந்தச் சந்தில் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. அஞ்சலையே என்னிடம், "ஒங்க கூடைய நம்பி யாரும் மொளகா காயப் போடறதில்லலா" என்று சொல்லியிருக்கிறாள்.

குன்றிலிருந்து பார்த்தால், தென்னைகளுக்கு நடுவே ஓர் இடைவெளியில் எங்கள் கூரை தெரியும். தூரக்கண்ணாடியில் அந்த மிளகாய்ப் பாய் குங்குமப் பொட்டு மாதிரி இருக்கும். மேற்கே பார்த்து எனக்கு மனசு என்னவோ போல் இருந்தால், கடலைப் பார்க்கத் தந்த அந்தக் குழாயை மெதுவாக வீட்டுப் பக்கம் திருப்புவேன். பொட்டு இருந்தால் பேசாமல் இருப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டு மறைந்தால் விதிப்படி அடையாளங்களைத் தேட ஆரம்பிப்பேன். காற்றழுத்தமானியின் கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும் என்பது முறை. மிளகாய் மறைந்த நாட்களில் நான் சற்றுப் பலமாகவே தட்டியிருப்பேன். முள் நகர்ந்துவிடும். நவரத்தினம் கையெழுத்துப் போடுவார், கூம்பு ஏறும், அடுத்த அரை மணியில் காற்று வரும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது சுதந்திர வருஷத்துச் சித்திரை வந்தது. ஆகஸ்டில் மெர்டேக்கா, சுதந்திரம் என்று ஊரே வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த அஞ்சலைக்கு அப்போது ஐந்தாம் மாதம். மீனாட்சி அம்மாள் சொல்லி, எதிரில் இருக்கும் சின்னத் தீவில் உள்ள கிராமாட்டில் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கிராமாட் என்பது பழைய சமாதி. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் அங்கே வேண்டுவார்கள். வேண்டுதல் பலித்தால் மஞ்சள் சோறு சமைத்துக்கொண்டு போய்ப் படைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எங்கள் சந்துப் பெண்கள் பத்துப் பேர், பாக் மாட் என்ற மலாய்க்காரரின் படகில் கிளம்பினார்கள். நானே ஆற்றுப் படித்துறையில் ஏற்றிவிட்டேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "பத்து மணிக்கெல்லாம் அங்கேருந்து கெளம்பிருவோம். தண்ணி வத்துனா ஆத்துல படகு ஏறாதாம்" என்றாள் அஞ்சலை.

ஒன்பது மணிக்கு மேல் மேற்கே அடிவானத்தில் ஒரு கோடு தெரிந்தது. மை கொட்டிய மாதிரி மெல்லிய கோடு. எனக்கு அது பிடிக்கவில்லை. வழக்கம்போல் தூரக்கண்ணாடியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். கூரை வெறுமையாக இருந்தது. ஒரு விநாடி, மிளகாயை எடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான், அவள் இன்று மிளகாயே போடவில்லை, எதிர்த் தீவில் இருக்கிறாள் என்பது உறைத்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வானத்தை நான் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

காற்றழுத்தமானியைத் தட்டினேன். முள் அசையவில்லை. பலமாகத் தட்டினேன். அதற்கும் அசையவில்லை. கலங்கரை விளக்கத்துக்குத் தொலைபேசி செய்தேன். அங்கே வெயில் அடிக்கிறது, மீன் பொரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். பியூனை அனுப்பி நவரத்தினத்தை அழைத்துவரச் சொன்னேன். அவர் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை குழாயைத் தீவுக்குத் திருப்புவேன், பழக்க தோஷத்தில் வெறும் கூரைக்குத் திருப்புவேன், மறுபடி தீவுக்குத் திருப்புவேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. கோடு வளைவாகிக்கொண்டிருந்தது.

நவரத்தினம் நெற்றியில் திருநீறோடு, கோயிலுக்குக் கட்டிய வேட்டியோடு, குடையோடு, படிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

"என்ன காணும் வேலாயுதம், எத்தினை அடையாளம்?"

"வளைவு ஒண்ணு சார்."

"முள்ளு?"

"அசையல சார்."

அவரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பூ மாதிரித் தட்டினார். "ரெலிபோன்?"

"அங்க வெயிலாம்."

"அப்ப ஒண்டுதானே. விதி ரெண்டெல்லோ கேக்குது" என்று சிவப்புப் புத்தகத்தை மூடினார்.

மணி பத்தாகப் போகிறது. தூரக்கண்ணாடியில் பார்த்தேன். பெண்கள் எழுந்து சேலையில் மணலை உதறிக்கொண்டிருந்தார்கள். பாக் மாட் படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர்கள் இருந்த பக்கத்துக்குப் பின்னால் புதர் மண்டிய மேடு. மேற்கு வானம் அங்கிருந்து தெரியாது. நடுக்கடலில் இருக்கும்போது அது பிடித்துக்கொண்டால் அந்தச் சின்னப் படகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"சார், அந்தப் படகுல என் பெண்சாதி வரா. அஞ்சு மாசம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உம்மடை மனுசி தீவிலை இருக்கிறது நாலாவது அடையாளமோ? அது பட்டியலிலை இல்லைக் காணும்."

அந்த நிமிஷம் அவர்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. நாட்டுக்கே சுதந்திரம் வரப்போகிறது, எனக்கு ஒரு கயிற்றை இழுக்கச் சுதந்திரம் இல்லையே என்று நினைத்தேன். வேலை போனால் போகட்டும் என்று கொடிமரத்துப் பக்கம் ஓர் அடி வைத்தேன். அப்போது பின்னால் அவர் குரல் கேட்டது.

"என்ரை கண்ணாடி மங்கிப் போச்சு. இதைத் துடைக்க ரெண்டு நிமிசம் செல்லும். கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரியாது."

திரும்பிப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டித் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை.

கூம்பை எப்படி இழுத்தேன் என்று தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது சாயங்காலம்தான் தெரிந்தது. கயிற்றைக் கட்டிவிட்டு ஓடிவந்து தூரக்கண்ணாடியில் பார்த்தேன். படகு தண்ணீரில் இல்லை. மணலில் வெகுதூரம் மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீனாட்சி அம்மாள் மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். என் கூம்பு வேலை செய்துவிட்டது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கயிற்றைக் கட்டும் நேரத்துக்குள் ஒரு படகை அவ்வளவு தூரம் இழுத்திருக்க முடியாது. அந்தக் கணக்கை அன்றைக்கு நான் போடவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் காற்று வந்தது. முதலில் வாசலில் குளிர்ந்த மூச்சு மாதிரி ஒன்று. அடுத்து, கடலின் நிறம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறியது. கூம்பு வைக்கும் கொட்டகையின் கதவு கழன்று படிகளில் உருண்டது. நவரத்தினத்தின் குடை கையைவிட்டுப் பறந்து, ஆற்றுக்குமேல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு காணாமல் போனது. அவர் அதைப் பார்க்காமல் சுவரோடு ஒட்டி நின்று சிவப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மழை விட்டபிறகு எடுத்துப் பார்த்தேன். "பெரிய கிராணியின் உத்தரவுப்படி கூம்பு ஏற்றப்பட்டது. அடையாளங்கள்: இரண்டு." இரண்டாவது என்ன என்று எழுதவில்லை. முதல் தடவையாக அவர் கையெழுத்துக் கோணியிருந்தது.

மறுபடி தண்ணீர் ஏறியதும், பிற்பகல் வெயிலில் படகு வந்து சேர்ந்தது. படித்துறையில் கையைப் பிடித்து அவளை இறக்கினேன். சேலை நனைந்து, தலையெல்லாம் மணல். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, பெருமையடிக்க ஆரம்பித்தேன்.

"கூம்பப் பாத்துத்தானே ஏறல?"

"எந்தக் கூம்பு?" என்றாள்.

"நான் ஏத்துனேனே, கருப்புக் கூடை."

"அதெல்லாம் நான் பாக்கலலா. ஒங்க கொழாய் மினுங்குச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் சோற்றுப் பானையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க அந்தப் பித்தளக் கொழாய வீட்டுப் பக்கம் திருப்புனா வெயில்ல பளிச்சுனு மினுங்கும். நம்ம கூரைலேருந்து நல்லாத் தெரியும். ஒருதரம் மினுங்கிட்டுப் போனா விட்டுருவேன். திரும்பத் திரும்ப மினுங்குனா, மனுஷனுக்கு மனசு சரியில்ல, வானத்துல என்னமோ பாத்துட்டாருன்னு மொளகாய வாரிருவேன். ரெண்டு வருஷமா அப்படித்தானே. இன்னிக்குத் தீவுப் பக்கம் மினுங்குச்சு. அதுவும் நிக்காம, பைத்தியம் பிடிச்ச மாதிரி. நான் படகுல ஏற மாட்டேன்னு மணல்ல ஒக்காந்துட்டேன். புள்ளத்தாச்சி ஒக்காந்துட்டா யாரு தூக்கிப் போடுவா? பாக் மாட் தலையில அடிச்சுக்கிட்டாரு. மீனாட்சிம்மா என்னையப் பாத்துட்டு அவங்களும் ஒக்காந்துட்டாங்க."

நான் நடுத்தெருவில் மஞ்சள் சோற்றுப் பானையோடு நின்றுவிட்டேன். இரண்டு வருஷமாக நான் அவள் மிளகாயைப் பார்த்துக் காற்றைச் சொன்னேன். அவள் என் குழாயைப் பார்த்து மிளகாயை எடுத்தாள். பாராட்டுக் கடிதம் யாருக்குச் சேர வேண்டும் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் முடிவாகவில்லை.

"அப்ப ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க வேலை நேரத்துல வீட்டைப் பாக்கறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

பையன் ஆகஸ்டில் பிறந்தான். சந்தே கூடி மெர்டேக்கா என்று பெயர் வைக்கச் சொன்னது, எப்படியோ தப்பித்தான். நவரத்தினம் ஓய்வு பெற்ற நாளில், தேநீர் விருந்து முடிந்தபின் அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மிளகாய், குழாய் மினுங்கியது, பலமாகத் தட்டியது, எல்லாம். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நீர் பலமாத் தட்டுற சத்தம் கீழை என்ரை அறை வரைக்கும் கேக்கும் காணும்" என்றார். பிறகு, "அதுக்குத்தான் பித்தளையை வடிவாத் தேய்க்கச் சொன்னனான்" என்று, தெரிந்தே செய்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு குடையை எடுத்தார்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைகள் பறந்தன என்று சொன்னேன் அல்லவா? அன்று எங்கள் வீட்டு மிளகாய்த் தட்டு, அந்தக் கைப்பேசி கூவுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. அது எப்படி என்று அவர் அஞ்சலையைக் கேட்டிருக்கிறார். நான் வாசல் நாற்காலியில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மேற்கே பார்த்தேனாம். அதைப் பார்த்துத் தட்டை எடுத்தாளாம். நான் மேற்கே பார்த்தது உண்மைதான். ஆனால் காற்று வரும் என்று எனக்குத் தெரிந்தது, அவள் தட்டோடு உள்ளே போவதைப் பார்த்தபோதுதான்.